அணையுமுன் அகப்படும் ஒளி

விண்மீன்கள் இடம் பெயராமலும் ஒளி குன்றாமலும் இருப்பன என்ற எண்ணத்தோடுதான் நாம் இரவில் வானை நோக்குகிறோம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும் ஒளிகளும் உண்டு. நேற்று ஒன்றுமில்லாத இடத்தில் இன்று ஒரு புள்ளி தோன்றும், நாளைக்குள் மங்கும், சில நாட்களில் சுவடின்றி மறையும்.

2008-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி, சுவாதி விளங்கும் மண்டலத்தில் அத்தகைய ஒளி ஒன்று எழுந்தது. 750 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி அது. எனினும் ஏறக்குறைய அரை நிமிஷம் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய பிரகாசம் பெற்றிருந்தது. அதன் தொடக்கத்தைப் பிடித்தவை மாபெரும் தொலைநோக்கிகள் அல்ல. சிலி நாட்டில் வானை அகலப் பார்த்துக்கொண்டிருந்த சிறு கருவிகளே. அரைமணி முன்னர் அருகிலேயே வேறொரு வெடிப்பு நிகழ்ந்திருந்தமையால் அவை ஏற்கெனவே அப்பக்கம் திரும்பியிருந்தன. அதிர்ஷ்டம் என்றுதான் இதனைச் சொல்லவேண்டும்.

இத்தகைய வெடிப்புகளின் பின்னொளிக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காலம் பத்து மடங்கானால் ஒளி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகும். ஒரு மணிக்குப் பின் கண்டதைப் பத்து மணிக்குப் பின் தேடுவோர் எத்துணை இழக்கின்றனர் என்பதை நாமே உணரலாம்.

அன்று ஸ்விஃப்ட் என்னும் செயற்கைக்கோள் காமாக் கதிர்களை உணர்ந்து உலகுக்கு அறிவித்தது. அறிவிப்பார் எவரும் இல்லாதபோது என் செய்வது? வானத்தையே திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கலிபோர்னியாவில் பாலோமார் மலையிலுள்ள 48 அங்குலத் தொலைநோக்கி 2018-இல் இப்பணியைத் தொடங்கிற்று. முழுமதியைப் போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பரப்பை ஒரே படத்தில் அடக்குவது அது.

இனித்தான் சங்கடம். ஓர் இரவில் மாறுதல் காட்டும் புள்ளிகள் இலட்சக்கணக்கில் அகப்படும். நகர்வது சிறுகோள், அரைமணி கழித்து எடுத்த மறுபடம் அதனைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்கெட்டாத செங்குறுமீன் ஒன்று திடீரெனக் கனன்று அடங்குவதும் உண்டு. மனிதன் எறிந்த குப்பையும் ஏமாற்றும். ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் தென்பட்ட மின்னல் ஒன்றை, மிகத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டத்தில் நிகழ்ந்த வெடிப்பு என 2020-இல் அறிவித்தனர். மறு ஆண்டே வேறு ஆராய்ச்சியாளர்கள், அது கைவிடப்பட்ட ருஷிய ராக்கெட் பகுதியில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி என்று கணக்கிட்டுக் காட்டினர்!

இவற்றையெல்லாம் சலித்தெடுப்பதற்குள் பாலோமாரில் பொழுது விடிந்துவிடும். அவ்வேளை நம் லடாக்கில் இருள் கவிகிறது. அங்கே ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிலையமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் 2018-இல் 0.7 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவின. ஆள் அருகிலின்றித் தானே இயங்குவது அது. பெரிய கருவியன்று, ஆயினும் ஒரு நாட்டார் விட்ட இடத்திலிருந்து மறுநாட்டார் தொடரும் அஞ்சல் ஓட்டத்தில், இந்தத் தீர்க்கரேகையில் நிற்பதே அதன் பலம்.

2022 பிப்ரவரி 11-ஆம் தேதி பாலோமார் கருவி, விரைந்து மங்கும் புள்ளி ஒன்றைக் கண்டது. ஹான்லேயும் தொடர்ந்து நோக்கிற்று. பெருங் கருந்துளை ஒன்றை நெருங்கிய விண்மீன் கிழிபட்டு, அதன் பொருளில் ஒரு பகுதி ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நம் திசை நோக்கித் தாரையாகப் பீறிட்டது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் கொண்டே அத்தகைய தாரையைக் கண்டுபிடித்தது அதுவே முதல் முறை. சிலியிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி, ஒளி அணையுமுன் அதன் நிறமாலையை எடுத்துவிட்டது. அவ்வொளி 850 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது என்பது அதனால்தான் தெரியவந்தது.