படமும் அதன் அடியில் எழுதும் வரியும்



நம் மாணவர்கள் கைப்பேசியிலேயே பாடம் படிக்கும் காலம் இது. அவர்களுக்கென இணையவழிப் பாடங்களைத் தொகுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். அப்பாடங்களுக்குரிய படங்களை ஆயத்தம் செய்வது எவ்வாறு, அவற்றின் அடியில் எழுதவேண்டுவது யாது என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இதனை வெறும் ஒப்பனை வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம்மைப் பொறுத்தவரை அது அவ்வாறன்று.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையுடன் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்னும் ஆங்கில நூலை 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அதிலுள்ள படங்கள் பலவற்றின் அடியில் சாதிப் பெயர் மட்டுமே உண்டு. படத்தில் நிற்பவரின் பெயர் இல்லை. தாயும் தந்தையும் ஆசையோடு வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்குமே! அதனை இன்று நாம் எங்கே போய்த் தேடுவது?

அப்பழக்கம் வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. மாநாட்டுப் படம் ஒன்றை வெளியிட்டு, ‘டாக்டர் அம்பேத்கர் மற்றும் பலர்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அம்பேத்கருடன் அமர்ந்திருந்தவர் செங்கற்பட்டுப் பகுதியின் கோழியாளம் தந்த இரட்டைமலை சீனிவாசன். ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களுக்குள் அவரை மறைத்துவிட்டால், அம்மாநாட்டில் நம் மண்ணின் மனிதர் ஒருவரும் இருந்தார் என்பது நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு தெரியும்? ஆகையால் படத்தில் இருப்பவர் யாவர், எந்த இடம், எந்த ஆண்டு, படம் எங்கிருந்து பெறப்பட்டது என்பவற்றை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிடில் ‘ஆண்டு தெரியவில்லை’ என்றே எழுதலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஓவியத்தை ஒளிப்படம் என்று காட்டுதல் கூடாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆக்கிய தலைவர்களின் படங்கள் இப்போது மலிந்துவிட்டன. அவை எத்துணை அழகாயினும் வரலாற்றுப் பாடத்தில் அறவே வேண்டாம் என்பது என் கருத்து. நமக்கு எதிராக வழக்காடுவோர் கையில் நாமே எடுத்துக்கொடுக்கும் பொய்ச்சான்று அது.

பெயரிடாமை ஒருவகைக் கொடுமையெனில், கேளாமல் பெயரிடுதலும் முகம் காட்டுதலும் இன்னொரு வகைக் கொடுமை. கழிவுநீர்க் குழியில் இறங்கி நிற்கும் ஒருவரின் படத்தைப் பாடத்தில் சேர்க்க நேர்கிறது என்று கொள்வோம். அவருடைய பிள்ளை நம் வகுப்பிலேயே படிக்கலாம். அவரைக் கண்டு, இப்படம் எதற்காக, யார் பார்ப்பார்கள் என்பதை விளக்கி, அவர் இசைந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். அவரைக் கண்டறிய இயலாவிடில் முகம் தெரியாத படத்தையே தேர்ந்தெடுங்கள். குறிப்பிலும் கவனம் தேவை. ‘துப்புரவுத் தொழிலாளி தம் பணியில்’ என்று எழுதினால், அது இயல்பான பணி என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். உரிய பாதுகாப்பின்றி ஒருவரை அவ்வாறு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அவ்வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனிச் செய்முறை. பழைய படத்தை வருடியில் இடும்போது அங்குலத்திற்கு 300 புள்ளிகளேனும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மூலத்தைத் தொடாமல் தனியே காத்து, அதன் படியிலேயே திருத்தங்கள் செய்யுங்கள். ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கும்தோறும் படம் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். பாடத்தில் ஏற்றும் படியை 1200 புள்ளி அகலத்திற்குக் குறைத்தால் பெரும்பாலும் போதும். ஐந்து மெகாபைட் படத்தைப் பத்து வைத்துப் பாடம் அமைத்தால், தகப்பனாரின் கைப்பேசியை இரவல் வாங்கிப் படிக்கும் பெண்ணின் அன்றைய இணைய அளவில் அதுவே ஒரு பகுதியைத் தின்றுவிடும். உரிமையையும் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்தின் உரிமை இப்போது பொதுவாக அதனை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

பார்வையற்ற மாணவருக்குப் படத்தின் அடியில் உள்ள வரி மட்டும் போதாது. படத்தில் காண்பது யாது என்பதை மாற்று உரையாகத் தனியே எழுதினால், திரைவாசிப்பான் அதனைப் படித்துக் காட்டும். அடிக்குறிப்பு ‘இரட்டைமலை சீனிவாசன்’ என்று சொல்லட்டும். மாற்று உரை அவர் அமர்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, எவ்வுடை அணிந்திருக்கிறார் என்பதைச் சொல்லட்டும். இரண்டையும் யூனிகோடிலேயே தட்டச்சிடுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் வேறு கருவியில் வெறும் குறிகளே தோன்றும். எழுத்தைப் படத்தினுள்ளேயே பொறித்துவிட்டாலோ, திரைவாசிப்பான் பல வேளைகளில் ஊமையாகிவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உறுப்பினர்களின் வீட்டுப் பெட்டிகளில் பள்ளி ஆண்டுவிழா, விடுதி, சங்கக் கூட்டம் முதலியவற்றின் குழுப்படங்கள் உறங்குகின்றன. அவற்றிலுள்ள முகங்களை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இளைஞர்கள் இருவர் இருவராகச் சென்று, அவர்கள் அருகில் அமர்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதி வாருங்கள். படத்தின் பின்புறம் குறிப்பதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறிவிடும். படத்தை அவர்களிடமிருந்து வாங்கிவர வேண்டாம். அங்கேயே வெளிச்சமுள்ள இடத்தில் வைத்துப் படியெடுத்துக்கொண்டு, உடனே அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.