வடிகானுக்குப் பொறுப்பாளி யார்?

(வெள்ளவத்தையில் நடைபெற்ற குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உரிமைகளைப் பற்றிப் பேசுவதற்கென மேடையேறுகின்ற நாம், இன்று கானைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது சிறிய விடயம் என்று எவரும் எண்ணலாகாது. நள்ளிரவில் வீட்டினுள் கழிவுநீர் புகும்போது, குழந்தையைத் தோளிலும் காணி உறுதியைக் கையிலும் ஏந்தி நிற்கின்ற குடும்பத்துக்கு அதனிலும் பெரிய விடயம் வேறில்லை.

1992ஆம் ஆண்டு யூன் 4ஆந் தேதி கொழும்பில் ஒரே நாளில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவுக்குள் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியபோது பாராளுமன்றமே வெள்ளத்திற் சிக்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி களனி கங்கையைக் கரைபுரளச் செய்தது. இத்தகைய பெருமழையை எந்தக் கானும் முழுவதாகத் தாங்கமாட்டாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், இரண்டு மணி நேர மழைக்கே ஆமர் வீதி குளமாவதற்கும், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நீர் தேங்கி நிற்பதற்கும் வானத்தின்மீது பழி சுமத்துவது நியாயமாகுமா?

கொழும்பின் பெரும்பகுதி தாழ்நிலம். இங்கு விழும் மழைநீர் வெளியேறுவதற்குள்ள பெருவாயில்கள் சிலவே. வடக்கே களனி கங்கையிற் சேரும் வாய்க்கால் ஒன்று. முகத்துவாரத்தில் கடலுக்குச் செல்லும் சுரங்கவழி ஒன்று. தெற்கே வெள்ளவத்தை, தெகிவளை வாய்க்கால்கள் இரண்டு. களனி பெருகினால், ஆற்றுநீர் நகரினுட் புகாதவாறு வடக்கே கதவு மூடப்படும். அவ்வேளையில் நகரத்து நீர் ஏனைய வாயில்களையே நம்பி நிற்கும். வெள்ளவத்தை வாய்க்காலின் முகத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால், நீர் கிருலப்பனை வரையிலும் பின்வாங்கி நிற்கும். கொட்டாஞ்சேனைக் கான்கள் தூர்ந்திருந்தால், முகத்துவாரச் சுரங்கம் எத்துணைப் பெரிதாயிருந்தும் நீர் அதன் வாயைச் சென்றடையாது. உலக வங்கி 2012இல் 21 கோடி 30 இலட்சம் டொலர் கடன் வழங்கிய நகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அங்கே புதிய சுரங்கமும் அமைக்கப்பட்டது. கோடிகள் செலவிட்டுப் பெருவாயிலைத் திறந்தோம். வீட்டு வாசலிலுள்ள ஓரடிக் கானை மறந்தோம்.

பத்துப் பேர்ச் காணியின் பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன்மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் சேர்வது 25,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர். முன்னாளில் அக்காணியில் ஒரு வீடும் ஒரு மாமரமும் மிகுதி வெறும் மண்ணுமாக இருந்தன; நிலம் தன் பங்கைக் குடித்தது. இன்று அங்கே தொடர்மாடி எழுந்துள்ளது. மதிலிலிருந்து மதில்வரை சீமெந்து. கான் மட்டும் பழைய அகலத்திலேயே கிடக்கின்றது. அதற்குள்ளும் கட்டட மணல், பொலித்தீன், சமையலறைக் கொழுப்பு!

இக்கானுக்குப் பொறுப்பாளி யார்? ஒழுங்கைக் கான் மாநகர சபையிடம். பெருவாய்க்கால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம். பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம். கட்டட அனுமதியில் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் பங்குண்டு. நீருக்கு இந்த எல்லைகள் தெரியா. முறையிடச் செல்பவரோ ஒரு கந்தோரிலிருந்து மற்றொரு கந்தோருக்கு அலைகின்றார்.

நமது கமக்காரரைப் பாருங்கள். வன்னியிலே மாரிக்கு முன்னர் அவர்கள் கூடுகின்றனர். எந்த வாய்க்காலில் எவ்வளவு நீளம், எவருடைய பங்கு, எந்த நாளுக்குள் துப்புரவாக வேண்டும் என்று பேசி முடிக்கின்றனர். மட்டக்களப்பிலே அதனை மேற்பார்க்க வட்டை விதானை இருக்கின்றார். பங்கைச் செய்யாதவர் கூட்டத்திலே பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றார். வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் நிறைந்த வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கு இல்லையென்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்லவா?

எனவே நாம் கோருவன நான்கு. முதலாவது, ஒழுங்கை ஒழுங்கையாக எந்தக் கான் எவர் பொறுப்பு என்ற வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் மாநகர சபை வெளியிடவேண்டும். இரண்டாவது, மே மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்னர், குறித்த நாளுக்குள் கான்கள் தோண்டப்படவேண்டும். தோண்டிய சேறு அன்றே அகற்றப்படவேண்டும். கரையிற் குவித்த சேறு முதல் மழையிலேயே மீண்டும் கானுக்குள் இறங்குகின்றது. மூன்றாவது, கானில் இறங்கும் தொழிலாளிக்குக் கையுறையும் சப்பாத்தும் உரிய கூலியும் வழங்கப்படவேண்டும். அவர் நம் சகோதரர். நான்காவது நம்மை நோக்கியது. தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொதுப் பகுதிகளைப் பேணுவது உரிமையாளரின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. மாடிதோறும் பணம் சேர்த்து மின்தூக்கியைப் பழுதுபார்க்கின்றோம். வளவுக் கானையும் அக்கணக்கிற் சேர்ப்போமாக.

இன்னுமொன்று. பல்லாண்டுகள் இங்கு வாழ்ந்தும் நம்மிற் பலர் வாக்காளர் இடாப்பில் பெயரை ஊரிலேயே வைத்திருக்கின்றோம். காரணம் நமக்குத் தெரியாததன்று. 1983 யூலையை மறந்தவர் எவருமில்லை. 2007 யூன் 7ஆந் தேதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அந்த அச்சத்தினால், 'இது நம் ஊரன்று' என்ற எண்ணம் நம் நெஞ்சிற் குடிகொண்டது. நம் ஊரன்று என்று நினைப்பவர் கானைப் பார்ப்பதில்லை; பதியப்படாத வாக்கை அரசியல்வாதியும் பார்ப்பதில்லை. 2023இல் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடத்தப்படாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் தேர்தலும் நடந்தேறியது. கேள்வி கேட்பதற்கு இன்று தெரிவுசெய்யப்பட்ட சபையுண்டு. கேட்பதற்குரிய வாக்கு நம்மிடம் உண்டா?

அன்பர்களே! சோலைவரி செலுத்துகின்றோம், இங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றோம், இங்கேயே முதுமையும் அடைகின்றோம். இந்நகரம் நம்முடையதுமாகும். இக்கூட்டம் கலையுமுன் ஒழுங்கைக்கு இருவராகப் பெயர் தாருங்கள். உங்கள் கான்களை நடந்து பார்த்து, அடைப்புள்ள இடங்களைக் குறித்து வாருங்கள். மனுவை நாம் எழுதுகின்றோம். மாநகர சபைக்கு எல்லோரும் சேர்ந்தே எடுத்துச் செல்வோம்.