பீடியை அடியோடு விடுவது எப்படி?



சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் பீடியைத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றே பற்ற வைக்கிறார். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவர்களே. பீடியைத் தேட வைப்பது தலைவிதியல்ல, புகையிலையிலுள்ள நிக்கோடினேயாகும். நிறுத்தினால் முதல் வாரம் அது படுத்தும்; மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியிருக்க, அதைக் கடந்தவர் மறுபடியும் விழுவானேன்? சாமிக்குப் பயந்து தவணை போட்டு நிறுத்தினாரேயொழிய, தம் அறிவைக்கொண்டு நிறுத்தவில்லை என்பதைத் தவிர வேறென்ன?

ஆகவே, தவணை போடாதீர்கள். ஆசை எழுந்தால் தண்ணீர் குடித்துச் சில நிமிஷம் பொறுங்கள், தணிந்துவிடும். தாங்காவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள், அதற்கு மருந்துண்டு. "ஒன்றே ஒன்று" என்பதற்கு மட்டும் இடங்கொடாதீர்கள். நாம் கடைசியில் விட்டதும் அப்படித்தான். 41 நாள் முடிந்தவருக்கு 42-ஆவது நாள் மட்டும் ஏன் முடியாது?