எப்போதும் ஏழு



விருத்தாசலத்தில் செராமிக் படித்து முடித்ததும் ஓர் எனாமல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எனாமல் பூசும் முன் இரும்புத் தகட்டை அமிலத்தில் முக்கி அலசுவார்கள். அந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்து வெளியே விடுவது என் பொறுப்பு. விதிப்படி பி.எச். 5.5 முதல் 9-க்குள் இருக்கணும். தினமும் மீட்டரை 7 பஃபர் கரைசலில் சரிபார்ப்பேன். பிறகு கழிவுநீரில் வைப்பேன். அதுவும் 7. பதிவேட்டில் வரிசையாக ஏழு! எனக்கு ஒரே பெருமை.

தோட்டக்காரப் பெரியவர்தான் ஒருநாள் சொன்னார்: "வாய்க்கா ஓரத்துல புல்லெல்லாம் கருகுது, தம்பி."

மீட்டரை 4 பஃபரில் வைத்தேன். அப்போதும் 7! எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழில் மயிரிழை விரிசல். விரிசல் விட்டால் எதில் வைத்தாலும் ஏறக்குறைய ஏழுதான் காட்டும். அன்றே வாய்க்காலை அடைத்தோம்.

தம்பிகளா, ஒரு பஃபர் போதாது. 7-க்குப் பிறகு 4 அல்லது 9.2 கட்டாயம். பயன்படுத்திய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். குமிழைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எலக்ட்ரோடின் பக்கவாட்டில் நுண்துளையுள்ள பீங்கான் துணுக்கு ஒன்று இருக்கும். அது நம்ம சரக்கு! அது காய்ந்தாலும் அடைத்தாலும் அளவு தடுமாறும். ஆகவே 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்; காய்ச்சி வடித்த நீர் வேண்டாம்.

பதிவேட்டில் எண் அழகாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வாய்க்கால் வரை நடந்துபோய்ப் புல்லையும் பாருங்கள்.