வென்றவர் அடுக்கிய காய்கள்



நம் ஊரில் வெற்றி என்றால் சரவெடிதான். 2024 டிசம்பர் 12 அன்று சென்னையின் குகேஷ் தம் 18-வது வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றபோது நாமும் கொளுத்தினோம். ஆயினும் நம் மனத்தில் தங்கியது அதற்குப் பின் வந்த சில நிமிடங்களே.

சிங்கப்பூரில் அது 14-வது ஆட்டம். இருவரும் சமப் புள்ளிகள். 55-வது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். சற்று நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் அழுதார். பிறகு, பலகையில் கிடந்த காய்களை எடுத்து, தொடக்கத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தார். வேலை முடிந்தால் இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டே எழவேண்டும் என்று தீப்பெட்டி ஆலையில் பழகிய நம் தாய்மாருக்கு, விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை.

டிங் முந்தைய ஆண்டு பட்டம் பெற்றபின் மனச்சோர்வால் வாடியவர். அவர் செய்த பிழையால்தான் பட்டம் கைமாறியது. அப்படியிருந்தும் குகேஷ், டிங்கை மெய்யான சாம்பியன் என்றே நிருபர்களிடம் போற்றினார். நாமோ, சொல்ல வெட்கம்தான், கபடியில் தோற்ற அணியின் காலடியிலேயே வெடி போட்டவர்கள்!

2025 ஜூனில் நார்வேயில் இவரிடம் தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்தினார். அப்போதும் குகேஷ் ஆர்ப்பரிக்காமல் எழுந்து ஒதுங்கி நின்றார்.

தோற்றவனே காய் அடுக்கவேண்டும் என்பது நம் மன்றத்தின் பழைய வழக்கம். இப்போதெல்லாம் வென்ற பையனின் கைதான் முந்துகிறது.