பழைய டிராக்டரின் எஞ்சினை இறக்குதல்

முதிர்ந்த எருதுக்கு ஓய்வளிக்கிறோம். முதிர்ந்த டிராக்டரையோ பிரித்துப் புதுப்பிக்கிறோம். அவ்வேலையில் மிகக் கவனம் வேண்டுவது எஞ்சினை இறக்குவதாகும்.

1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் பழைய மாசி பெர்குசன் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். லாரிக்கு உள்ளதுபோல் அதற்குத் தனிச் சேசிஸ் இல்லை. முன் அச்சுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எஞ்சினே முதுகெலும்பாய் நிற்கிறது. அதைக் கழற்றினால் வண்டி இரண்டாகும். ஆதலின், எஞ்சியிருப்பது எதன்மேல் நிற்கும் என்று முதலில் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்போம். கியர்ப் பெட்டியின் அடியில் உறுதியான முட்டுக் கொடுப்போம். முன் அச்சு நடுவே ஊசலாடும் இயல்புடையது. ஆகவே இருபக்கமும் மர ஆப்புச் செருகி அதனை அசையாமற் செய்வோம். இரு பருவ மழையும் பெறும் திருவனந்தபுரத்தில் மண்தரை இளகியிருக்கும். அடியில் தடித்த பலகை இடாவிடில் ஜாக்கி புதைந்து சாய்ந்துவிடும். தென்னை மரத்திலோ கூரை உத்தரத்திலோ செயின் பிளாக்கைத் தொங்கவிடுதல் கூடாது. பாரம் தாங்கும் இரும்பு முக்காலியே தக்கது.

போல்ட்டுகளைக் கழற்றியபின்னும் எஞ்சின் பிரிய மறுத்தால், கடப்பாரையால் வலிந்து நெம்பலாகாது. மறைவில் ஒரு போல்ட்டு எஞ்சியிருக்கிறதா என்று மீண்டும் தேடவேண்டும். பிரியும்போது நேராகவே நகர்த்தவேண்டும். சாய்த்தால் கிளட்சுத் தகடு கெடும். தொங்கும் பாரத்தின் அடியில் கையோ காலோ செல்லலாகாது.

உடைந்த இரும்புக்கு மாற்று உண்டு. நசுங்கிய விரலுக்கு இல்லை. உழவுப் பருவம் நெருங்குகிறதென்று மெக்கானிக்கை விரைவுபடுத்தும் வண்டிக்காரரும் இதனை உளங்கொள்வாராக.