காட்ட வேண்டியது இதுவே



பரீட்சை நெருங்கினால் மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம்தான். போன வாரம் என் எதிரே ஒரு மாணவி தேல்ஸ் தேற்றத்தை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் 'தேற்றம் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். எங்கள் காலத்தில் அந்த இடத்தில் 'க்யூ.இ.டி.' என்று மூன்றே எழுத்து.

'க்வோட் எராட் டெமான்ஸ்ட்ராண்டம்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. காட்ட வேண்டியிருந்தது எதுவோ, அது இதுவே என்று பொருள். லத்தீனுக்கும் முன்னே, கி.மு. 300 வாக்கில், யூக்ளிட் இதைக் கிரேக்கத்தில் எழுதினார். தேற்றத்தின் முதல் வாக்கியத்தைக் கடைசியில் மறுபடி முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தொடரைப் போடுவார். வட்டம், முக்கோணம் வரைந்து முடித்தால் 'செய்ய வேண்டியது இதுவே' என்று வேறொரு முத்திரை. இன்றைய கணித நூல்களில் பால் ஹால்மோஸ் புகுத்திய சின்னக் கட்டம் நிற்கிறது.

தொடங்கியதையே கடைசியில் சொல்லி முடிக்கிற இந்த வழக்கத்துக்கு உறவான ஒன்று நம் மதுரைக்காரர் எழுத்திலேயே இருக்கிறது. சிம்மக்கல்லிலிருந்து நடக்கிற தூரத்தில் கீழமாசி வீதி. பருப்பும் மிளகாயும் மூட்டை மூட்டையாக இறங்குகிற தெரு. மணிமேகலையைப் பாடிய சாத்தனாரும் கூலவாணிகர், தானிய வியாபாரி. 1898-இல் உ.வே.சா. பதிப்பித்த அந்தக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை தெரிவது ஏது, அதாவது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கிற அடுக்களை திட்டாந்தம், அதாவது உதாரணம். மலையிலும் அதே புகை என்பது உபநயம். புகையுள்ளது நெருப்புள்ளதே என்று முடிப்பது நிகமனம். நெருப்பில் தொடங்கிய பேச்சு நெருப்பிலேயே வந்து சேர்கிறது.

கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறார் அடிகள். தருக்கத்துக்கு அது போதும்தான். ஆனால் கற்கிற பிள்ளைக்கு நிகமனம் வேண்டும் என்பது என் எண்ணம். எதைக் காட்டப் புறப்பட்டோம் என்பது நடுவழியில் மறந்துபோகும். எனக்குப் பலமுறை மறந்திருக்கிறது. வேறெதையோ நிரூபித்துவிட்டு விழித்திருக்கிறேன்.

அந்த மாணவி அடிக்கோடு போட்டதும் பேனாவை மூடவில்லை. விரலைப் பக்கத்தின் மேலே கொண்டுபோய், 'நிரூபிக்க' என்ற தலைப்பின் கீழிருந்த வரியை வாய்க்குள் படித்தாள். பிறகு கடைசி வரி. இரண்டும் ஒன்றுதான் என்று கண்ட பிறகே மூடினாள்.